இலவச லைப்ரரியும் விலைக்கு விற்கும் சாப்ட்வேரும்

புதிதாக வாங்கிய டி.வி.யிலோ மொபைல் போனிலோ செட்டிங்ஸ் மெனுவைக் கடைசி வரை திறந்து பார்த்திருக்கிறீர்களா? "ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்" என்றோ "லீகல் இன்பர்மேஷன்" என்றோ ஒரு பிரிவு இருக்கும். அதனைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் பக்கமாக ஆங்கில வாசகங்கள் ஓடும். நம்மில் பெரும்பாலானோர் உடனே மூடிவிடுவோம். ஆனால், காசு கொடுத்து அந்தச் சாதனத்தை வாங்கிய உங்களுக்கு என்னென்ன உரிமைகள் இருக்கின்றன என்பது அந்தப் பக்கங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரையும், அங்கிருந்து ஒரகடத்தையும் எடுத்துக் கொள்ளுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. நோக்கியா 2006லும், சாம்சங் 2007லும் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை தொடங்கின. ஒரகடத்தில் ரெனால்ட் - நிசான் 2010ல் வந்தது. கார், போன், டி.வி. என எதை எடுத்தாலும் இன்று அதனுள் சாப்ட்வேர் இருக்கிறது. அந்த சாப்ட்வேர் முழுவதையும் அந்த நிறுவனமே எழுதியிருக்கும் என்று எண்ண வேண்டாம். அதில் கணிசமான பகுதி, யாரோ எழுதி உலகத்திற்குப் பொதுவாகக் கொடுத்த லைப்ரரிகள்.

பொதுவாகக் கொடுத்ததை எடுத்து, தன் பெயர் போட்டு, விலை வைத்து விற்கலாமா? விற்கலாம் என்றால் என்ன நிபந்தனை? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரித்த நோக்கியா 2009ல் எடுத்த ஒரு முடிவுதான். அதற்கு வருமுன் சில அடிப்படைகளைப் பார்க்கலாம்.

லைப்ரரி என்றால் என்ன?

கார் நிறுவனம் ஒரு காரின் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. ஒரகடத்தில் அப்போலோ நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை இருக்கிறது. டயரும் கண்ணாடியும் தயாராகக் கிடைக்கையில் அவற்றை வாங்கிப் பொருத்துவதே புத்திசாலித்தனம்.

புரோகிராம் எழுதுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு பைலைச் சுருக்க வேண்டும், ஒரு படத்தைத் திரையில் காட்ட வேண்டும், பட்டன்களும் மெனுக்களும் அமைக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. இந்த வேலைகளுக்கு ஏற்கனவே எழுதிச் சோதித்து வைத்துள்ள புரோகிராம் பகுதிகளே லைப்ரரிகள்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதனைப் பார்க்கலாம். வி.எல்.சி. மீடியா பிளேயர் இன்ஸ்டால் செய்திருந்தால், சி டிரைவில் புரோகிராம் பைல்ஸ் போல்டரில், வீடியோலேன் என்ற போல்டரைத் திறந்து, அதனுள் வி.எல்.சி. போல்டருக்குச் செல்லவும். டி.எல்.எல். என்ற துணைப்பெயருடன் சில பைல்கள் இருக்கும். "லிப்வி.எல்.சி." என்பது அவற்றுள் ஒன்று. பாட்டையும் படத்தையும் இயக்கும் வேலை நடப்பது இது போன்ற லைப்ரரிகளில்தான். அதே போல்டரில் "காப்பியிங்" என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் பைல் இருக்கும். அதனை நோட்பேடில் திறந்து பாருங்கள். அதுதான் லைசென்ஸ். (எந்த பைலையும் அழித்துவிட வேண்டாம். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.)

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு

ஆங்கிலத்தில் "ப்ரீ சாப்ட்வேர்" என்ற சொல் பலரையும் குழப்புகிறது. "ப்ரீ" என்றால் இலவசமா, சுதந்திரமா? தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. நம்மிடம் இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. இங்கே பேசப்படுவது சுதந்திரம்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மேன் 1983ல் குனு திட்டத்தை அறிவித்தார். 1985ல் ப்ரீ சாப்ட்வேர் பவுண்டேஷன் தொடங்கப்பட்டது. ஒரு சாப்ட்வேரைப் பெறுபவருக்கு நான்கு சுதந்திரங்கள் வேண்டும் என்பது இவர்கள் நிலைப்பாடு: எந்தத் தேவைக்கும் அதனை இயக்கலாம், எப்படி இயங்குகிறது என்று படித்து மாற்றலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். படிக்கவும் மாற்றவும் வேண்டுமென்றால் சோர்ஸ் கோட், அதாவது புரோகிராமர் எழுதிய மூல வரிகள், கையில் கிடைக்க வேண்டும்.

காசு வாங்காமல் டவுண்லோட் செய்யக் கிடைக்கும் எல்லாமே இந்த வகையில் சேராது. "ப்ரீவேர்" என்ற பெயரில் வரும் பலவற்றிற்குச் சோர்ஸ் கோட் தரப்படுவதில்லை. "சொந்தப் பயன்பாட்டிற்கு மட்டும் இலவசம்" என்று நிபந்தனை இருந்தால், அலுவலகத்தில் பயன்படுத்தவே பணம் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் கொள்ளவும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), கம்ப்யூட்டர் புரோகிராமை ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. கதை எழுதியவருக்கு இருக்கும் உரிமை, புரோகிராம் எழுதியவருக்கும் உண்டு. எனவே இணையத்தில் ஒரு கோட் கிடைக்கிறது என்பதாலேயே அது பொதுச் சொத்து ஆகிவிடாது. லைசென்ஸ் என்பது எழுதியவர் தரும் அனுமதிக் கடிதம். கடிதம் இல்லையென்றால் அனுமதியும் இல்லை.

மூன்று வகை அனுமதி

லைசென்ஸ்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. புதியவர்கள் அவற்றை மூன்று பெரிய வகைகளாகப் பிரித்துக் கொண்டால் போதும்.

1. தாராள வகை: எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி போன்றவை. எடுத்துக் கொள்ளுங்கள், மாற்றுங்கள், விற்றுக் கொள்ளுங்கள். ஆனால் எழுதியவர் பெயரும் பதிப்புரிமை வாசகமும் கூடவே இருக்க வேண்டும் என்பதே இவற்றின் முக்கிய நிபந்தனை. முதலில் சொன்ன டி.வி. மெனுவில் வரிசையாகப் பெயர்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. ஜி.பி.எல்.: 1989ல் முதல் பதிப்பும், 1991ல் இரண்டாம் பதிப்பும், 2007ல் மூன்றாம் பதிப்பும் வந்தன. இந்த லைசென்ஸ் உள்ள கோடைச் சேர்த்து ஒரு புரோகிராம் உருவாக்கிப் பிறரிடம் கொடுத்தால், அந்த முழுப் புரோகிராமையும் ஜி.பி.எல். கீழ், சோர்ஸ் கோடுடன் தர வேண்டும். விலை வைப்பதற்குத் தடை இல்லை. ஆனால் வாங்கியவர் அதனைப் பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பதை நீங்கள் தடுக்க முடியாது.

3. எல்.ஜி.பி.எல்.: இது நடுவழி. 1991ல் லைப்ரரிகளுக்கென்றே உருவானது. லைப்ரரி சுதந்திரமாகவே இருக்கும். அதனைப் பயன்படுத்தும் உங்கள் புரோகிராம் மூடியதாக இருக்கலாம். அதாவது உங்கள் சோர்ஸ் கோடை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைப் பின்னர் பார்க்கலாம்.

ஜி.பி.எல்., எல்.ஜி.பி.எல். இரண்டிலும் கடமை தொடங்குவது, புரோகிராமின் பிரதி உங்கள் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போகும்போதுதான். உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்க நீங்களே ஒன்றை எழுதிப் பயன்படுத்தினால், யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.

நோக்கியா எடுத்த முடிவு

நார்வே நாட்டின் டிரால்டெக் என்ற நிறுவனம் "க்யூட்" என்ற லைப்ரரியை 1995ல் வெளியிட்டது. விண்டோ, பட்டன், மெனு போன்றவற்றை அமைக்க உதவும் லைப்ரரி இது. ஒரே சோர்ஸ் கோடைக் கொண்டு விண்டோஸ், லினக்ஸ் எனப் பல சிஸ்டங்களுக்குப் புரோகிராம் தயாரிக்கலாம். லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் கே.டி.இ. டெஸ்க்டாப் 1996ல் தொடங்கியபோது இதன் மீதுதான் கட்டப்பட்டது. நாம் சற்று முன் பார்த்த வி.எல்.சி. பிளேயரின் விண்டோஸ் பதிப்பில் தெரியும் மெனுக்களும் பட்டன்களும் க்யூட் கொண்டு அமைக்கப்பட்டவையே.

தொடக்கத்தில் க்யூட் லைசென்ஸ் பற்றிச் சுதந்திர சாப்ட்வேர் ஆர்வலர்களிடையே பெரிய சர்ச்சை இருந்தது. 2000ஆம் ஆண்டில் லினக்ஸ், யூனிக்ஸ் பதிப்பும், 2005ல் விண்டோஸ் பதிப்பும் ஜி.பி.எல். கீழ் வந்தன. அதன் பின் டிரால்டெக் வைத்த ஏற்பாடு எளிமையானது. உங்கள் புரோகிராமையும் ஜி.பி.எல். கீழ் தருகிறீர்களா? க்யூட் இலவசம். மூடிய புரோகிராமாக விற்கப் போகிறீர்களா? பணம் கட்டி வணிக லைசென்ஸ் வாங்குங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு லைசென்ஸ் தரும் இந்த முறையை இரட்டை லைசென்ஸ் என்பார்கள்.

2008ல் நோக்கியா டிரால்டெக்கை விலைக்கு வாங்கியது. 2009 ஜனவரியில், க்யூட் இனி எல்.ஜி.பி.எல். கீழும் கிடைக்கும் என்று அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் வந்த க்யூட் 4.5 பதிப்பிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. மூடிய புரோகிராம் எழுதி விற்பவரும் வணிக லைசென்ஸுக்குப் பணம் கட்டாமல் க்யூட் பயன்படுத்த வழி பிறந்தது.

வந்துகொண்டிருந்த வருமானத்தை ஒரு நிறுவனம் ஏன் விட்டுக் கொடுக்க வேண்டும்? டிரால்டெக்கின் பிழைப்பே லைசென்ஸ் விற்பனைதான். நோக்கியாவுக்குப் பணம் வந்ததோ போன் விற்பனையில். க்யூட் கொண்டு எத்தனை பேர் புரோகிராம் எழுதுகிறார்களோ, அத்தனை புரோகிராம்கள் அதன் போன்களுக்கும் கிடைக்கும். எனவே கதவைத் திறந்து வைப்பதே அதற்கு லாபம்.

இதன் கூடவே இன்னொன்றும் நடந்தது. பைத்தான் மொழியில் க்யூட் பயன்படுத்த "பைக்யூட்" என்ற லைப்ரரி இருந்தது. அது வேறொரு நிறுவனத்திற்குச் சொந்தமானது. ஜி.பி.எல். அல்லது வணிக லைசென்ஸ், இரண்டில் ஒன்றுதான். அதனை எல்.ஜி.பி.எல். கீழ் கொண்டுவர உடன்பாடு ஏற்படாததால், நோக்கியா அதே வேலைக்கு "பைசைட்" என்ற லைப்ரரியை 2009 ஆகஸ்டில் எல்.ஜி.பி.எல். கீழ் வெளியிட்டது. இன்று பைத்தான் படிக்கும் மாணவர்கள் இதனைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். பைக்யூட், பைசைட் இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். எழுதும் வரிகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் புரோகிராமை மூடி விற்க நினைத்தால், ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டும், மற்றதற்கு வேண்டியதில்லை.

தொழிற்சாலை மூடியது, லைசென்ஸ் நின்றது

இதன் பின் நடந்தது பலருக்கும் தெரியும். 2011ல் நோக்கியா மைக்ரோசாப்டுடன் கைகோத்து விண்டோஸ் போன் பக்கம் திரும்பியது. க்யூட் வணிக லைசென்ஸ் பிரிவை 2011லும், மீதியை 2012லும் பின்லாந்தின் டிஜியா நிறுவனத்திற்கு விற்றது. நோக்கியாவின் போன் தொழில் 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் வசம் போனது. வரி வழக்கு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ல் அங்கே உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வேலை இழந்தார்கள்.

நிறுவனம் கை மாறியது, தொழிற்சாலை மூடியது. ஆனால் 2009ல் க்யூட் 4.5 பதிப்புக்குக் கொடுத்த எல்.ஜி.பி.எல். அனுமதி இன்றும் அப்படியே இருக்கிறது. நிபந்தனைகளை மீறாதவரை, ஒருமுறை கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது. உரிமையாளர் அடுத்த பதிப்பின் லைசென்ஸை மாற்றலாம். வெளிவந்துவிட்ட பதிப்பை மூட முடியாது. க்யூட் விஷயத்தில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 1998லேயே டிரால்டெக் நிறுவனமும் கே.டி.இ. அமைப்பும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தன. க்யூட் உரிமையாளர் சுதந்திரப் பதிப்பு வெளியிடுவதை நிறுத்திவிட்டால், அந்த அறக்கட்டளை க்யூட் லைப்ரரியை பி.எஸ்.டி. போன்ற தாராள லைசென்ஸில் வெளியிடலாம் என்பது ஒப்பந்தம். உரிமையாளர்கள் மாறியபோதும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது.

ஒரு லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கையில் இதனையும் பார்க்க வேண்டும். இன்று நல்ல நிறுவனமாக இருக்கலாம். நாளை அது இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. கையில் இருக்கும் லைசென்ஸ்தான் உங்களைக் காப்பாற்றும்.

எல்.ஜி.பி.எல். என்ன கேட்கிறது?

ஓர் எடுத்துக்காட்டு கொண்டு பார்க்கலாம். ஒரகடத்தில் மெஸ் நடத்தும் ஒருவருக்கு, மாதக் கணக்கு வைக்கும் புரோகிராம் ஒன்றை நீங்கள் எழுதித் தருகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். திரை அமைப்பிற்கு க்யூட் பயன்படுத்துகிறீர்கள். சோர்ஸ் கோடைக் கொடுக்க விருப்பம் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியவை:

1. இந்தப் புரோகிராமில் க்யூட் இருக்கிறது, அது எல்.ஜி.பி.எல். கீழ் வருகிறது என்பதைத் தெரிவிக்கவும். "அபவுட்" விண்டோவிலோ, கூட வரும் கையேட்டிலோ குறிப்பிடலாம்.

2. லைசென்ஸ் வாசகம் முழுவதையும் ஒரு டெக்ஸ்ட் பைலாகச் சேர்த்துத் தரவும்.

3. நீங்கள் பயன்படுத்திய அதே பதிப்பு க்யூட் சோர்ஸ் கோட், மெஸ்காரருக்குக் கிடைக்க வழி செய்யவும். கூடவே தரலாம். அல்லது கேட்டால் தருகிறேன் என்று எழுத்தில் உறுதி தரலாம். அந்த உறுதி குறைந்தது மூன்று ஆண்டுகள் செல்ல வேண்டும். உங்கள் கணக்குப் புரோகிராமின் சோர்ஸ் கோட் இதில் சேராது.

4. க்யூட் லைப்ரரியில் நீங்கள் ஏதேனும் மாற்றம் செய்திருந்தால், அந்த மாற்றத்தையும் எல்.ஜி.பி.எல். கீழ் தரவும்.

5. மெஸ்காரர் விரும்பினால் உங்கள் புரோகிராமில் இருக்கும் க்யூட் லைப்ரரியை எடுத்துவிட்டு, வேறு பதிப்பு க்யூட் வைத்து இயக்க முடிய வேண்டும். அப்படி மாற்றிப் பார்ப்பதற்காக உங்கள் புரோகிராமை ஆராயக் கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்தில் தடை போடவும் கூடாது.

ஐந்தாவது நிபந்தனைதான் எல்.ஜி.பி.எல். லைசென்ஸின் உயிர். இதனை டயரை வைத்துப் புரிந்து கொள்ளலாம். டயரை போல்ட் போட்டு மாட்டியிருந்தால், காரின் சொந்தக்காரர் கழற்றி வேறு டயர் மாட்டலாம். லைப்ரரியைத் தனி டி.எல்.எல். பைலாக வைப்பது இது போன்றது. இதற்கு டைனமிக் லிங்க் என்று பெயர். டயரை அச்சோடு சேர்த்து வெல்டிங் செய்துவிட்டால்? லைப்ரரியையும் உங்கள் புரோகிராமையும் ஒரே இ.எக்ஸ்.இ. பைலாக உருக்கிச் சேர்ப்பது அப்படித்தான். இதற்கு ஸ்டேட்டிக் லிங்க் என்று பெயர். இதற்கும் எல்.ஜி.பி.எல். அனுமதி உண்டு. ஆனால் வாடிக்கையாளர் பிரித்து மீண்டும் சேர்க்கத் தேவையான ஆப்ஜெக்ட் பைல்களை நீங்கள் தர வேண்டும். எனவே புதியவர்கள் டி.எல்.எல். வழியிலேயே செல்வது நல்லது.

இந்தக் கடமைகள் யாருக்கு என்பதையும் கவனிக்கவும். உலகத்திற்கே சோர்ஸ் கோடை இணையத்தில் போட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. உங்களிடமிருந்து புரோகிராமைப் பெற்ற மெஸ்காரருக்குத்தான் இந்த உரிமைகள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். க்யூட் தொகுப்பில் உள்ள எல்லாப் பகுதிகளும் எல்.ஜி.பி.எல். கீழ் வருவதில்லை. வரைபடம் போடும் "க்யூட் சார்ட்ஸ்" பகுதி ஜி.பி.எல். அல்லது வணிக லைசென்ஸில்தான் கிடைக்கிறது. மாதச் செலவை அழகான வரைபடமாகக் காட்டலாமே என்று அதனைச் சேர்த்தால், கணக்கே மாறிவிடும். அதே போல வீடியோ, ஆடியோ வேலைகளுக்குப் பயன்படும் எப்.எப்.எம்பெக் லைப்ரரி வழக்கமாக எல்.ஜி.பி.எல். கீழ் வரும். அதில் சில விருப்பப் பகுதிகளைச் சேர்த்துத் தயாரித்தால் முழுவதும் ஜி.பி.எல். ஆகிவிடும். லைப்ரரியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது.

காருக்குள் வந்தால் கதை மாறும்

கம்ப்யூட்டரில் டி.எல்.எல். பைலை மாற்றுவது எளிது. காரின் டேஷ்போர்டில் இருக்கும் திரையிலோ டி.வி.யிலோ அது முடியுமா? நிறுவனம் கையெழுத்திட்ட சாப்ட்வேரை மட்டுமே ஏற்கும்படி பல சாதனங்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. சோர்ஸ் கோட் கிடைத்தாலும், மாற்றியதை உள்ளே ஏற்ற முடியாது. அமெரிக்காவில் டி.வி. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் டிவோ என்ற சாதனம் இப்படித்தான் இருந்தது.

இதனால்தான் 2007ல் வந்த ஜி.பி.எல்., எல்.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்புகளில் ஒரு புதிய நிபந்தனை சேர்ந்தது. வீட்டு உபயோக, சொந்த உபயோகப் பொருளாக இருந்தால், மாற்றிய சாப்ட்வேரை அதில் இன்ஸ்டால் செய்யத் தேவையான தகவலையும் தர வேண்டும். க்யூட் 2016ல் வந்த 5.7 பதிப்பிலிருந்து பழைய எல்.ஜி.பி.எல். 2.1 பதிப்பைக் கைவிட்டு மூன்றாம் பதிப்புக்கு மாறியது. திரையைப் பூட்டி வைக்க விரும்பும் கார் நிறுவனம், புதிய க்யூட் பதிப்புக்கு வணிக லைசென்ஸ் வாங்க வேண்டியிருக்கும்.

மீறினால் என்ன ஆகும்?

ரவுட்டர், டி.வி. போன்றவற்றில் "பிசிபாக்ஸ்" என்ற சிறு கருவித் தொகுப்பு அதிகம் பயன்படுகிறது. இது ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பில் வருவது. இதனைப் பயன்படுத்திவிட்டு சோர்ஸ் கோட் தரவில்லை என்று 2009 டிசம்பரில் 14 நிறுவனங்கள் மீது நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. சாம்சங் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவும் அவற்றுள் ஒன்று. இதே வழக்கில் வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் என்ற டி.வி. நிறுவனத்திற்கு எதிராக 2010ல் தீர்ப்பு வந்தது. 30,000 டாலர் இழப்பீட்டை மும்மடங்காக்கி 90,000 டாலர் கட்டச் சொன்ன நீதிமன்றம், கையில் இருக்கும் அந்த வகை டி.வி.க்களையும் ஒப்படைக்கச் சொன்னது.

மீறல் எல்லாமே வழக்கில் முடிவதில்லை. பெரிய மெமரி கார்டுகளில் எக்ஸ்ஃபேட் என்ற பைல் அமைப்பு பயன்படுகிறது. அதற்காக சாம்சங் எழுதிய லினக்ஸ் டிரைவரின் கோட் 2013ல் வெளியில் கசிந்தது. அதில் ஜி.பி.எல். மீறல் இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. சாப்ட்வேர் ப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பின் உதவியுடன், அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சாம்சங் அதனை ஜி.பி.எல். கீழ் முறைப்படி வெளியிட்டது. மைக்ரோசாப்ட் 2019ல் எக்ஸ்ஃபேட் விவரக் குறிப்பை வெளியிட்ட பின், சாம்சங் மேம்படுத்தித் தந்த டிரைவர் 2020ல் லினக்ஸ் 5.7 பதிப்பில் சேர்ந்தது. இன்று லினக்ஸ் கம்ப்யூட்டரில் பெரிய மெமரி கார்டைச் செருகியவுடன் திறப்பதற்கு இதுவே காரணம்.

வீட்டு ரவுட்டர் கதையும் சுவையானது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் ஒரு ரவுட்டரில் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்துக் கேட்டதால், 2003ல் சோர்ஸ் கோட் வெளிவந்தது. அதன் மீது வளர்ந்ததுதான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற ரவுட்டர் சாப்ட்வேர். நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட பல பழைய ரவுட்டர்கள் இதனால் இன்றும் பாதுகாப்பாக ஓடுகின்றன.

அப்படியென்றால் கேட்கும் உரிமை கோட் எழுதியவருக்கு மட்டும்தானா, சாதனத்தை வாங்கியவருக்கும் உண்டா? மேலே சொன்ன கன்சர்வன்சி அமைப்பு 2021 அக்டோபரில் விசியோ என்ற டி.வி. நிறுவனத்தின் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தது. எழுதியவர் என்ற முறையில் அல்லாமல், டி.வி. வாங்கியவர் என்ற முறையிலேயே அது சோர்ஸ் கோட் கேட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை

சாதனம் வாங்குபவராக இருந்தால்:

* டி.வி., ரவுட்டர் வாங்கும்போது உடன் வரும் சிறு புத்தகத்தைக் குப்பையில் போட வேண்டாம். சோர்ஸ் கோட் கேட்க வேண்டிய முகவரி அதில் இருக்கலாம்.

* ஆண்ட்ராய்ட் போனில் "அபவுட் போன்" பிரிவில் லீகல் இன்பர்மேஷன் பகுதியைத் திறந்து ஒருமுறை பார்க்கவும். எத்தனை பேர் உழைப்பு உங்கள் கையில் இருக்கிறது என்பது புரியும்.

* ரவுட்டருக்கு நிறுவனத்தின் அப்டேட் நின்றுவிட்டால், அதனைத் தூக்கி எறியும் முன், உங்கள் மாடலுக்கு ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. கிடைக்கிறதா என்று பார்க்கவும்.

நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ புரோகிராம் எழுதி விற்கத் திட்டமிட்டால்:

* எந்த லைப்ரரியைச் சேர்க்கும் முன்பும் அதன் போல்டரில் "லைசென்ஸ்" அல்லது "காப்பியிங்" என்ற பைல் இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லையென்றால், எழுதியவரிடம் அனுமதி பெறாமல் தொட வேண்டாம்.

* லைப்ரரியின் பெயர், பதிப்பு எண், லைசென்ஸ், டவுண்லோட் செய்த நாள் ஆகிய நான்கையும் ஒரு எக்ஸெல் பைலில் முதல் நாளிலிருந்தே குறித்து வரவும். பயன்படுத்திய சோர்ஸ் கோட் பிரதியையும் பத்திரப்படுத்தவும். இரண்டு ஆண்டுகள் கழித்து வாடிக்கையாளர் கேட்கையில், அந்தப் பதிப்பைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

* கல்லூரி புராஜக்டுக்காக எடுத்த கோட், பின்னாளில் விற்பனைப் பொருளாக மாறும்போதுதான் சிக்கல் தொடங்கும். கையை விட்டுப் போகும் முன் பட்டியலை மீண்டும் ஒருமுறை சரிபார்க்கவும்.

* பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் பதிப்புரிமைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யவும்.

இந்தப் பட்டியல் வேலை பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். சாப்ட்வேரில் உள்ள ஓப்பன் சோர்ஸ் பகுதிகளை எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு 2020ல் ஐ.எஸ்.ஓ. 5230 என்ற சர்வதேசத் தர விதியே வந்துவிட்டது. ஒரு டயர் எந்தத் தொழிற்சாலையில், எந்த வாரம் தயாரானது என்பது அந்த டயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கார், டி.வி. நிறுவனங்களுக்கு சாப்ட்வேர் தயாரித்துத் தருபவர்களிடமும் இதே போன்ற கணக்கு கேட்கப்படுகிறது. பட்டியல் கையில் இருக்கும் சிறு நிறுவனம் அன்றே பதில் சொல்லும். இல்லாத நிறுவனம் ஆர்டரை இழக்கலாம். மெஸ் கணக்குப் புரோகிராமில் பழகிய நல்ல பழக்கம், நாளை கார் நிறுவனத்திற்கு வேலை செய்கையிலும் கை கொடுக்கும்.